பள்ளிப் பிள்ளையின் காப்பு: மண்டூரை நிலைக்களனாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரையை எழுவான்கரை என்றும் மேற்குக் கரையைப் படுவான்கரை என்றும் வழங்குதல் அப்பிரதேசத்து மரபாகும். ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. படுவான்கரையின் தென்பாகத்தில், குருமண்வெளித் துறைக்கு எதிரே அமைந்துள்ள பழம்பெரும் ஊர் மண்டூர். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்பெறும் அவ்வூர் முருகன் கோயிலிலே பூசை செய்யும் கப்புகனார் வாயைத் துணியாற் கட்டிக்கொண்டே பூசை நிகழ்த்துவார். புலவர்மணி ஏ. பெரியதம்பிப்பிள்ளையும் (1899-1978), ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலை 1964இல் வெளியிட்ட பண்டிதர் வி. சீ. கந்தையாவும் அவ்வூர் தந்த அறிஞராவர். கோயிலாலும் கல்வியாலும் பெயர்பெற்ற ஊர் எனச் சுருங்கக் கூறலாம்.

ஆயின் இக்கட்டுரையின் பொருள் கோயிலுமன்று, புலவருமன்று. காலையிலே பையைத் தோளிலிட்டு, வயல்வரம்பு வழியாகவோ செம்மண் தெரு வழியாகவோ ஆரம்பப் பாடசாலைக்கு நடந்து செல்லும் ஐந்து வயது முதல் பத்து வயது வரையான பிள்ளையே இதன் பொருள். அப்பிள்ளையைக் காக்கும் கடமை யாரைச் சார்ந்தது? அக்கடமை எக்காலத்தில் எவ்வாறு வரையறுக்கப்பட்டது? எவ்விடத்தில் அது தவறியது? இவ்வினாக்களை மண்டூரையும் அதனைச் சூழ்ந்த படுவான்கரையையும் நிலைக்களனாகக் கொண்டு நோக்குதல் நமது முயற்சியாகும்.

சிறுவர் பாதுகாப்பின் வரலாற்றைச் சட்டங்களின் அட்டவணையாக எழுதிவிடுதல் எளிது. அவ்வாறு எழுதின் ஆண்டுகள் மிஞ்சும், பிள்ளை மறைந்துவிடும். எனவே நாம் வேறொரு வழியை மேற்கொள்கின்றோம். பள்ளியின் வரவு இடாப்பைத் திறக்கும் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பலாம். பிள்ளை வந்ததா என்பது முதலாவது. வராத பிள்ளை ஏன் வரவில்லை என்பது இரண்டாவது. வந்த பிள்ளைக்கு இங்கே என்ன நேர்கின்றது என்பது மூன்றாவது. சென்ற ஒன்றரை நூற்றாண்டில் நமது நாடு இம்மூன்று வினாக்களையும் இதே வரிசையிற்றான் கேட்கக் கற்றது. மூன்றாவது வினாவைக் கேட்பதற்கே மிகவும் தயங்கியது. அத்தயக்கத்தின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் உட்கிடை.

குடியின் காவல்

பள்ளியும் சட்டமும் வருமுன்னர்ப் பிள்ளைக்குக் காவல் இல்லாமலில்லை. மட்டக்களப்புத் தமிழரிடையே குடி என்பது தாய்வழி வருவது. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. மணமான ஆண் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வான். வீடும் வளவும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகச் செல்லும். மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர் அண்மையிலேயே வேறொரு வீடு அமைத்து அடுத்தவளுக்கு ஆயத்தம் செய்வர். இதன் விளைவாகத் தாயும் மகளும் அக்கையும் தங்கையும் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ வாழ்வர். பிள்ளை அம்மம்மாவின் திண்ணையில் வளரும். பெரியம்மாவும் சின்னம்மாவும் அதற்கு மற்றைத் தாயர். தாயின் உடன்பிறந்தானாகிய மாமனுக்கோ அப்பிள்ளைமேல் உரிமையும் பொறுப்பும் உண்டு.

இவ்வமைப்பிலே ஒரு பிள்ளை காணாமற் போவது அரிது. பொழுதுபட்டும் வீடு திரும்பாத பிள்ளையைத் தேடப் பலர் இருந்தனர். மாற்றாந்தாய் வீட்டில் வருந்தும் பிள்ளை என்னும் நிலையும் இங்கு குறைவே. தந்தை மறுமணம் செய்யினும் பிள்ளை தாயின் குடியிலேயே தங்கிவிடும். மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இக்குடி அமைப்பையும் அதன் சொத்துரிமை முறையையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். முக்குவர் சட்டம் எனப்பட்ட இம்மரபினைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ 1876இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் இயற்றப்பட்ட திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் பின்னர் நீதிமன்றில் அம்மரபு வலுவிழந்தது. எனினும் சீதன வழக்கிலும் குடியிருப்பு முறையிலும் அது நெடுங்காலம் தொடர்ந்தது.

ஆயினும் இக்காவலை மிகைப்படுத்திப் புகழ்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. குடி பிள்ளையைக் காத்தது. தன் மானத்தையும் காத்தது. இவ்விரண்டும் முரண்பட்ட இடத்திலே மானத்தின் பக்கம் சாயும் இயல்பு அதற்கு இருந்தது. உறவினர் ஒருவராலேயே பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தால் அதனை வெளியிற் சொல்லாமல் வளவுக்குள்ளேயே அடக்கிவிடுதல் வழக்கம். பல கண்கள் பார்த்த வீட்டிலே சில வேளைகளில் எல்லாக் கண்களும் ஒருங்கே மூடப்பட்டன. இக்குறை குடிக்கு மட்டும் உரியதன்று; பின்னர் வந்த பள்ளியும் இதே குறையுடன் வந்தது என்பதை மேலே காண்போம்.

திண்ணையும் இடாப்பும்

பழைய திண்ணைப் பள்ளியின் ஒழுக்கமுறை கடுமையானது. 1823இல் பெல்லாரி மாவட்டக் கலெக்டராயிருந்த ஏ. டி. கம்பெல் சென்னை அரசுக்கு அனுப்பிய அறிக்கையிலே தென்னிந்தியப் பள்ளிகளின் காலை வழக்கம் ஒன்றை விவரித்துள்ளார். முதலில் வரும் மாணவனின் உள்ளங்கையிலே சரசுவதியின் பெயர் எழுதப்படும். இரண்டாவதாக வருபவனுக்குச் சுழியம். மூன்றாவதாக வருபவனுக்கு மெல்லிய ஓரடி. நான்காமவனுக்கு இரண்டு. பின்னர் வருவோர் ஒவ்வொருவருக்கும் அடி ஒன்று கூடிக்கொண்டே செல்லும். கோதண்டம் என்ற பெயரிலே பிள்ளையைக் கயிற்றில் தொங்கவிடும் தண்டனையும் தமிழகத் திண்ணைப் பள்ளிகளில் இருந்தது. இலக்கணத்தையும் எண்ணையும் அச்சத்தோடு சேர்த்தே ஊட்டுதல் அக்கால ஆசிரியர்க்கு இயல்பாகத் தோன்றியது. அடியாத மாடு படியாது என்னும் பழமொழி இன்றும் நம் வாயில் வருவதற்கு இம்மரபே காரணம்.

1814ஆம் ஆண்டு மெதடிஸ்த மிசனைச் சேர்ந்த வில்லியம் ஓல்ற் மட்டக்களப்பிற் பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே அவர் அங்கு காலமானார், பணி தொடர்ந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்ட பின்னர் மிசன் பள்ளிகளுக்கு அரசின் உதவி நன்கொடை ஒழுங்காகக் கிடைக்கலாயிற்று. அந்நன்கொடை மாணவரின் வரவையும் தேர்ச்சியையும் பொறுத்து வழங்கப்பட்டது. ஆகவே வரவு இடாப்பு இன்றியமையாத ஏடாயிற்று. அதிலே ஒரு பிள்ளையின் பெயருக்கெதிரே இடப்பட்ட கோடு பள்ளி முகாமைக்குப் பணம், பரிசோதகருக்குச் சான்று. பிள்ளையின் நலம் கருதி அன்று, கணக்குக் கருதியே இடாப்பு தோன்றிற்று என்பது இங்கு மனங்கொளத்தக்கது.

எனினும் கணக்குக்காகத் தோன்றிய ஏடு காலப்போக்கில் வேறொரு பயனையும் தந்தது. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டமும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதலைப் பெற்றோரின் கடமையாக்கின. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் பிள்ளையைக் கிளி விரட்டவும் மாடு மேய்க்கவும் வைத்துக்கொள்ளும் வேளாண் நாட்டிலே இது சிறிய மாற்றமன்று. பிள்ளை எங்கே என்று குடிக்கு வெளியிலுள்ள ஒருவர் கேட்கும் உரிமை முதன்முறையாக ஏற்பட்டது. 1929இல் சுவாமி விபுலானந்தர் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பள்ளிகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. இவ்வாறு ஒரு நூற்றாண்டுக்குள் பள்ளி படுவான்கரை ஊர்களிலும் அரசின் மிக அண்மையான வாசலாயிற்று. ஆஸ்பத்திரிக்கோ நீதிமன்றுக்கோ செல்ல வண்டி பிடிக்க வேண்டும். பள்ளிக்குப் பிள்ளை நடந்தே சென்றது.

பிள்ளை வந்ததா என்னும் முதல் வினா இங்ஙனம் நிலைபெற்றது.

சட்டம் விட்ட இடைவெளி

பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைத்த சட்டம், வந்த பிள்ளையை ஆசிரியரின் கையில் ஒப்படைத்துவிட்டு விலகி நின்றது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றவியல் வன்விசை என்பதை 341ஆம் பிரிவில் வரையறுக்கின்றது. அவ்வரையறைக்கு எடுத்துக்காட்டுகள் தருமிடத்து, தன் தற்றுணிபை நியாயமாகப் பயன்படுத்தி மாணவனை அடிக்கும் பள்ளி ஆசிரியர் குற்றவியல் வன்விசையைப் பயன்படுத்தியவராகார் என விளக்கியது. தெருவிற் செல்வோன் ஒருவன் அப்பிள்ளையை அடித்தால் குற்றம். ஆசிரியர் அடித்தால் கடமை.

1939ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பிள்ளைகள், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இத்துறையிலே பெரும் திருப்பமாகும். சிறுவர் நீதிமன்றம், பராமரிப்பு, பாதுகாப்பு ஆகியவற்றுக்கு அது வழிவகுத்தது. அதன் 71ஆம் பிரிவு பிள்ளைக்குக் கொடுமை இழைத்தலைக் குற்றமாக்கியது. ஆயின் அதே பிரிவின் இறுதியிலே பெற்றோர், ஆசிரியர், சட்டபூர்வமான பொறுப்புடைய பிறர் ஆகியோர் தண்டனை வழங்கும் உரிமையை அப்பிரிவு பாதிக்காது என்ற விதிவிலக்கும் இடம்பெற்றது. இவ்விதிவிலக்கு உள்நாட்டிலே பிறந்ததன்று. இங்கிலாந்தின் 1933ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த வாசகமே இங்கு பெயர்ந்து வந்தது. அங்கு அரசுப் பள்ளிகளில் உடல் தண்டனை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. மேற்குறித்த விதிவிலக்கு 2004இல் அகற்றப்பட்டது. இலங்கையிலோ வாசகத்தை இரவல் பெற்ற வேகம் அதனைத் திருப்பிக் கொடுப்பதிற் காணப்படவில்லை.

இவ்விதிவிலக்கின் பொருளைச் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பிள்ளைக்குக் கொடுமை செய்யக்கூடியவர் யார் எனச் சட்டம் எண்ணியபோது, அந்நியரையும் குடிகாரரையும் கொடிய முதலாளியையும் எண்ணியது. பிள்ளையோடு நாள் முழுவதும் இருப்பவரை எண்ணவில்லை. காப்பவரே தீங்கு செய்யவும் கூடும் என்ற எண்ணத்தைச் சட்டம் தன் வாசலில் நிறுத்திவிட்டது. குடியின் மானம் எவ்வாறு வளவுக்குள் நிகழ்ந்ததை மூடியதோ அவ்வாறே பள்ளியின் மதிப்பும் வகுப்பறைக்குள் நிகழ்ந்ததை மூடியது.

வெற்றிடமான பெயர்கள்

இரண்டாவது வினாவைப் படுவான்கரை கற்ற விதம் துயரமானது. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளி மட்டக்களப்பின் வீடுகளோடு பள்ளிக் கட்டடங்களையும் சிதைத்தது. அதிலிருந்து மீள்வதற்குள் போர் வந்தது. 1987 சனவரியிலும் 1991 யூனிலும் கொக்கட்டிச்சோலைப் பகுதியிலே பொதுமக்கள் படையினராற் கொல்லப்பட்டனர். 1990களிலிருந்து 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. வாவி இரு ஆட்சிகளின் எல்லையாயிற்று. இக்கரையில் வாழும் ஆசிரியர் அக்கரையிற் படிப்பிக்கச் செல்வதற்குச் சோதனைச் சாவடிகளைக் கடக்க வேண்டியிருந்தது.

இக்காலத்தே இடாப்பில் வெற்றிடமான பெயருக்கு ஒரு புதிய பொருள் ஏற்பட்டது. பிள்ளை வயலுக்குப் போயிருக்கலாம், இடம்பெயர்ந்திருக்கலாம், அல்லது ஆயுதம் ஏந்தக் கொண்டு செல்லப்பட்டிருக்கலாம். மட்டக்களப்பு மாவட்டத்திலே வயது குறைந்தோரை விடுதலைப் புலிகள் இயக்கத்திற் சேர்த்தமை மனித உரிமைகள் கண்காணிப்பகத்தின் 2004ஆம் ஆண்டு அறிக்கையிலே விரிவாகப் பதிவாகியுள்ளது. அவ்வாண்டு ஏப்பிரலில் இயக்கத்தின் கிழக்குப் பிரிவு பிளவுற்றுக் கலைந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் வீடு திரும்பினர். அவர்களுட் பலரை மீண்டும் சேர்க்க முயற்சிகள் நடந்தன. 2005இல் மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களிலிருந்து சிறுவர் கொண்டு செல்லப்படுவதை ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியம் வெளிப்படையாகக் கண்டித்தது. பின்னர்க் கருணா குழுவினரும் அதே செயலில் ஈடுபட்டனர். அரச படையினர் அதனைக் கண்டும் காணாதிருந்தனர் என்பதை அக்கண்காணிப்பகத்தின் 2007 சனவரி அறிக்கை குறித்தது. 2008 டிசம்பரிலே தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியும் அரசாங்கமும் சிறுவர் நிதியமும் சிறுவரை விடுவிக்கும் செயற்றிட்டமொன்றிற் கையொப்பமிட்டன.

ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என ஒருவர் வினவலாம். எட்டு வயதுப் பிள்ளையை எவரும் போருக்கு அழைக்கவில்லையே! உண்மை. ஆயின் பள்ளியை விட்டு விலகிய பிள்ளையே பின்னர் எளிதிற் பறிபோயிற்று. ஐந்தாம் ஆண்டோடு இடாப்பினின்றும் மறைந்த பெயரைத் தேடி எவரும் வருவதில்லை. அன்றியும், அண்ணனோ அக்கையோ கொண்டு செல்லப்பட்ட வீட்டிலிருந்து வரும் சிறு பிள்ளை வகுப்பில் அமர்ந்திருந்தாலும் அங்கு இருப்பதில்லை. மானிடவியலாளர் மார்கரெற் ட்றாவிக் 1990களின் பிற்பகுதியிலே மட்டக்களப்பிலே தங்கி, அங்குள்ள சிறுவரின் விளையாட்டையும் போரையும் ஒருசேர நோக்கினார். அவ்வாய்வு 2007இல் நூலாக வெளிவந்தது. போர்க்களத்துக்கும் விளையாட்டு முற்றத்துக்கும் இடையே இருந்த மெல்லிய எல்லையை அந்நூல் காட்டுகின்றது.

மட்டக்களப்பு நகரில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இவ்விடத்திற் குறிப்பிடத்தக்கது. இயேசு சபைத் துறவியாகிய போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் அதனை உருவாக்கினர். போரினாற் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கு ஒருங்கே வந்து, களிமண்ணும் வண்ணமும் கதையும் நாடகமும் கொண்டு தம் மனப்புண்ணை ஆற்றிக்கொண்டனர். பிள்ளையின் காயம் உடம்பில் மட்டும் இல்லை என்பதையும், அதனைப் பேசவைக்கப் பொறுமையுள்ள ஒருவர் வேண்டும் என்பதையும் அது நடைமுறையில் உணர்த்தியது.

2007ஆம் ஆண்டின் முற்பகுதியிலே போர் படுவான்கரைக்குள் நுழைந்தபோது மக்கள் வாவியைக் கடந்து எழுவான்கரைக்கு ஓடினர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது. பள்ளிகள் முகாம்களாயின. பள்ளிக் கூரை பிள்ளைக்குக் கல்வி தரும் கூரையாயிருந்த நிலை மாறி, குடும்பம் முழுவதற்கும் உயிர் காக்கும் கூரையாயிற்று. ஏன் வரவில்லை என்னும் வினா அரசுக்கும் ஆசிரியருக்கும் தவிர்க்க முடியாததாயிற்று. போருக்கு நடுவே 1998 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த கட்டாய வரவு ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளை உள்ளடக்கின. 2016இல் மேல் எல்லை 16 ஆக உயர்ந்தது. வராத பிள்ளையைத் தேடிச் செல்ல ஊர்தோறும் குழு வேண்டும் என்பதும் அவ்விதிகளின் கருத்தாகும்.

மூன்றாவது வினா

வந்த பிள்ளைக்கு என்ன நேர்கின்றது என்னும் வினா மிகப் பிந்தியே ஒலித்தது. 1989 நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 யூலையிலே ஏற்றுறுதி செய்தது. பள்ளி ஒழுக்கம் பிள்ளையின் மனித மாண்புக்கு இயைந்த முறையிலே பேணப்பட வேண்டும் என்பது அச்சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை கூறும் நெறி. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் சிறுவர்க்கு எதிரான கொடுமையையும் பாலியற் சுரண்டலையும் தனிக் குற்றங்களாக்கியது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை அமைந்தது. பேராசிரியர் ஹரேந்திர த சில்வா அதன் முதல் தலைவரானார். பள்ளியில் உடல் தண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும் பின்னர் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தாலும் அறிவித்தது.

நீதிமன்றம் இதில் முன்னோடியாயிற்று. மாணவர் ஒருவர் பள்ளி நிருவாகத்தினராலே தாக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரைக்கு மாறானது என உயர் நீதிமன்றம் 1995இல் தீர்த்தது. சித்திரவதையையும் கொடூரமான, இழிவான நடத்துகையையும் தடுப்பது அவ்வுறுப்புரை. 2021 பெப்ருவரி 12ஆம் நாள் வழங்கப்பட்ட மற்றொரு தீர்ப்பு மேலும் தெளிவானது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததாற் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனின் மனுவிலே நீதியரசர் எஸ். துரைராஜா எழுதிய அத்தீர்ப்பு, அச்செயல் 11ஆம் உறுப்புரையை மீறியது எனக் கண்டது. ஆசிரியர் 150,000 ரூபாவும் அரசு 500,000 ரூபாவும் இழப்பீடு செலுத்தக் கட்டளையிடப்பட்டது. அரசின் பங்கு ஆசிரியரின் பங்கினும் மும்மடங்குக்கு மேற்பட்டது. அடித்த கை ஒருவருடையது. அக்கையை நெடுங்காலம் கேளாமல் விட்ட பொறுப்பு அமைப்பினுடையது என்னும் நீதி அத்தொகைகளிற் புலப்படுகின்றது.

இதற்கு ஆசிரியர் தரப்பில் எழும் மறுப்பைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. நாற்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துக்கொண்டு, போதிய இருக்கையும் உதவியும் இன்றி, பெற்றோர் அக்கறையும் குறைந்த சூழலிலே ஒழுங்கை எவ்வாறு நிலைநாட்டுவது என அவர்கள் வினவுகின்றனர். மாதா, பிதாவுக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றப்பட்ட குருவை நீதிமன்றக் கூண்டில் ஏற்றுவதா என வருந்துவோரும் உளர். தங்கள் பிள்ளையை இரண்டு அடி அடித்துத் திருத்துமாறு பெற்றோரே வந்து கேட்பதும் பொய்யன்று. இவ்வாதங்களில் உள்ள உண்மை ஆசிரியருக்குத் துணை வேண்டும் என்பதே. பிரம்பு வேண்டும் என்பதன்று. அச்சத்தால் அடங்கிய பிள்ளை தனக்கு நேர்ந்த பிற தீங்குகளையும் அதே ஆசிரியரிடம் சொல்லாது. வழியில் ஒருவன் தொந்தரவு செய்வதையோ வீட்டில் ஒருவர் தகாத முறையில் நடப்பதையோ சொல்வதற்குப் பிள்ளைக்கு உள்ள முதல் வெளியாள் ஆசிரியரே. அவரது கையிலே பிரம்பு இருக்குமாயின் அவ்வழியும் அடைபடும். உடல் தண்டனையைப் பற்றிய விவாதத்தில் வலியைப் பற்றியே அதிகம் பேசுகின்றோம். அது விளைவிக்கும் மௌனமே பெரிய தீங்கு.

பிள்ளைக்கு நேரும் கேடு மனிதர் கையால் மட்டும் வருவதுமன்று. தமிழகத்தில் 2004 யூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் மூண்ட தீயில் 94 பிள்ளைகள் மாண்டனர். பெரும்பாலோர் ஆரம்ப வகுப்பினர். கீற்றுக் கூரைக்குத் தீப்பற்றியபோது அவர்கள் வெளியேற வழி போதவில்லை. கட்டட விதிகளும் அனுமதி முறைகளும் பரிசோதகரும் அங்கு இல்லாமலில்லை. பார்க்க வேண்டியவர் பாராமையும் கேட்க வேண்டியவர் கேளாமையுமே அழிவுக்கு ஏதுவாயின. சட்டம் இயற்றுவதோடு காப்பு முடிந்துவிடும் என எண்ணுவோர்க்கு அந்நாள் மறக்கவொண்ணாத பாடமாகும்.

இன்றைய படுவான்கரையும் நமது கடமையும்

போர் ஓய்ந்து ஆண்டுகள் பல கடந்த பின்னரும் படுவான்கரைப் பிள்ளையின் காப்பு புதிய சோதனைகளுக்கு உட்பட்டுள்ளது. அவற்றுள் தாயின் பிரிவு முதன்மையானது. வறுமையாலும் கடனாலும் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்காகச் சென்ற தாயர் பலர். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய் செல்லலாகாது என்னும் நிபந்தனையை அரசு 2013இல் விதித்தது. 2022இல் அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. தாயைத் தடுப்பதாற் பிள்ளை காக்கப்படும் என்ற எண்ணம் இதிற் காணப்படுகின்றது. தந்தையைப் பற்றி அவ்வாறு எவரும் கேட்பதில்லை என்பது ஒருபுறம் இருக்க, இங்கே பழைய குடியமைப்பின் எச்சம் பயன்படுவதை நோக்கலாம். அம்மம்மாவும் சின்னம்மாவும் அண்மையில் இருக்கும் வீட்டிலே தாயின் வெற்றிடம் ஓரளவு நிரம்புகின்றது. போராலும் இடப்பெயர்வாலும் அவ்வளவுகள் சிதறிய குடும்பங்களிலோ பிள்ளை தனித்துவிடுகின்றது. எந்தப் பிள்ளை எந்நிலையில் உள்ளது என்பதை அறியக்கூடியவர் வகுப்பாசிரியரே.

இதற்கெனப் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்தினரும், பொலிசின் சிறுவர், பெண்கள் பணியகமும் உள்ளன. 1929 என்னும் தொலைபேசி இலக்கமும் நாடு முழுவதும் அறியப்பட்டது. அமைப்புகள் இல்லை என இனிக் கூறுவதற்கில்லை. ஆனால் இவ்வமைப்புகள் யாவும் ஒருவர் வாய்திறந்து சொன்ன பின்னரே இயங்குபவை. ஏழு வயதுப் பிள்ளை தொலைபேசியை எடுத்து இலக்கத்தைச் சுழற்றும் என எதிர்பார்த்தல் பொருந்துமா? அது முதலிற் சொல்வது வகுப்பாசிரியரிடம். அல்லது பக்கத்திலிருக்கும் தோழியிடம். அல்லது ஒருவரிடமும் இல்லை. எனவே பிள்ளை சொன்னதை நம்புதல், அதனை மறைக்காது உரியவரிடம் எழுத்தில் அறிவித்தல், அறிவித்த ஆசிரியருக்கு ஊரிலே பழி நேராமற் காத்தல் என்னும் மூன்றும் ஒவ்வோர் ஆரம்பப் பள்ளியிலும் நடைமுறையாதல் வேண்டும். இவற்றுள் மூன்றாவது மிகக் கடினமானது. ஒரே கோயில், ஒரே குடி, ஒரே தெரு என வாழும் சிற்றூரிலே குற்றம் சாட்டப்பட்டவர் ஆசிரியருக்கு உறவினராகவும் இருக்கக்கூடும். மானம் கருதி அமைதி காக்கும் பழைய இயல்பு அங்கேதான் மீண்டும் தலைதூக்கும்.

நமது பல்கலைக்கழக மாணவருட் பலர் நாளை ஆசிரியராகவும் அதிபராகவும் கல்வி அதிகாரிகளாகவும் இத்தகைய ஊர்களுக்குச் செல்லவிருப்பவர். அவர்கள் காலையிலே இடாப்பைத் திறக்கும்போது அதன் வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் நன்று. நன்கொடைக் கணக்குக்காகத் தோன்றிய அவ்வேடு, போர்க்காலத்திலே காணாமற்போன பிள்ளைகளின் சான்றாயிற்று. அதிலே வந்தவர்க்கு ஒரு குறியும் வராதவர்க்கு ஒரு குறியும் உண்டு. வந்திருந்தும் வருந்துகின்ற பிள்ளைக்கு அதிற் குறியில்லை. அதனை ஆசிரியர் தம் கண்ணாற்றான் காணல் வேண்டும். முதல் இரு வினாக்களைக் கேட்கச் சட்டம் நமக்குக் கற்பித்தது. மூன்றாவதைக் கேட்பதற்குச் சட்டத்தின் வலிமையோடு, நம்மையே நாம் வினவும் துணிவும் வேண்டும். குடியும் பள்ளியும் பிள்ளையைக் காத்தன என்பது வரலாறு. தம்மிடமிருந்து அதனைக் காக்கத் தவறின என்பதும் வரலாறே. இரண்டையும் ஒருங்கே ஏற்றுக்கொள்ளும் ஆசிரியரிடமே மண்டூர்ப் பிள்ளை அச்சமின்றித் தன் கதையைச் சொல்லும் எனலாம்.